'கூல்' என்ற சொல்லுக்கு ஆண்டு பார்த்துப் பொருள் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும் பழைய உரைகளிலும் கதைகளிலும் ஒரு தவறு திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது. ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் எழுதப்பட்ட சொல்லுக்கு இன்றைய கல்லூரி மாணவர் கொடுக்கும் பொருளைப் போட்டுவிடுகிறோம். கடினமான சொல்லாக இருந்தால் யாரும் அகராதியைப் புரட்டிவிடுவார்கள். இந்தத் தவறு நடப்பதெல்லாம் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த பெயரடைகளில்தான். தெரிந்த சொல்தானே என்று கண் அதைத் தாண்டிப் போய்விடுகிறது. அப்படிப்பட்ட ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு விரிவாக எழுத விரும்புகிறேன். அந்தச் சொல் 'கூல்'.

1860 பிப்ரவரி 27 அன்று நியூயார்க்கின் கூப்பர் யூனியன் அரங்கில் ஆபிரகாம் லிங்கன் பேசினார். அப்போது அவர் அதிபரும் அல்ல, கட்சியின் வேட்பாளராகவும் ஆகியிருக்கவில்லை. தென் மாநிலத்தாரை நோக்கி அவர் சொன்னதன் சாரம் இது: குடியரசுக் கட்சிக்காரர் ஒருவர் அதிபரானால் ஒன்றியத்தை உடைத்துவிடுவோம் என்கிறீர்கள், உடைத்த பழியும் எங்கள் தலையில்தான் விடியும் என்கிறீர்கள். இதைச் சொல்லி முடித்ததும் மூன்றே சொல்லில் ஒரு வாக்கியம் வருகிறது: 'தட் இஸ் கூல்.' உடனே ஒரு வழிப்பறிக்காரனைக் கொண்டுவருகிறார். அவன் லிங்கனின் காதருகே துப்பாக்கியை வைத்து, 'இருப்பதை எடு, இல்லாவிட்டால் கொன்றுவிடுவேன், அப்புறம் கொலைகாரன் நீதான்' என்று பல்லைக் கடித்தபடி சொல்கிறான்.

இந்த மூன்று சொல்லை 'அது அருமை' என்றோ 'சூப்பர்' என்றோ மொழிபெயர்த்தால் என்ன ஆகும்? படிப்பவர், லிங்கன் பாராட்டுவதுபோல் பாராட்டி நையாண்டி செய்கிறார் என்று தாமே ஒரு சமாதானம் செய்துகொள்வார். வாக்கியம் எப்படியோ ஒப்பேறிவிடும். அதனாலேயே இந்தப் பிழை யார் கண்ணிலும் படாது. உண்மையில் அங்கே தலைகீழான பாராட்டு எதுவும் இல்லை. வெட்கப்பட வேண்டிய ஒன்றை முகம் மாறாமல் செய்யும் துணிச்சல் என்பதே அன்று அந்தச் சொல்லுக்கு இருந்த பேச்சுவழக்குப் பொருள்களில் ஒன்று. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே அது புழக்கத்துக்கு வந்துவிட்டது. தமிழில் 'என்ன நெஞ்சழுத்தம்!' என்று போட்டால் வழிப்பறிக்காரன் இயல்பாக அடுத்த வாக்கியத்தில் வந்து நிற்பான். இன்னும் பேச்சுக்கு நெருக்கமாக வேண்டுமானால் 'நன்றாயிருக்கிறது உங்கள் நியாயம்!' என்றும் எழுதலாம்.

அதே 1860இன் டிசம்பரில், கடலுக்கு அந்தப் பக்கம், சார்லஸ் டிக்கன்ஸ் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலைத் தொடராக வெளியிடத் தொடங்கினார். அதன் கடைசிப் பகுதியில் கொல்லர் ஜோ ஒரு செய்தி சொல்கிறார்: இறந்துபோன மிஸ் ஹாவிஷாம், மேத்யூ பாக்கெட்டுக்கு 'எ கூல் ஃபோர் தவுசண்ட்' எழுதி வைத்திருக்கிறார். இங்கே துணிச்சலும் இல்லை, பாராட்டும் இல்லை. தொகையின் பருமனை அழுத்திச் சொல்வதற்காக எண்ணின் முன்னால் போடும் அடை அது. தமிழில் இதற்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் ஒரு சொல் இருக்கிறது: சுளையாக. 'சுளையாக நாலாயிரம் பவுண்டு.'

ஆனால் டிக்கன்ஸ் அதோடு விடவில்லை. நாலாயிரத்துக்கு இந்த வெப்பநிலையை ஜோ எங்கிருந்து பிடித்தார் என்பது எனக்குக் கடைசிவரை தெரியவில்லை, ஆனால் அது குளிர்ந்திருப்பதை வலியுறுத்திச் சொல்வதில் அவருக்கு ஒரு சுவை இருந்தது என்று கதை சொல்லும் பிப் அடுத்தாற்போல் சொல்கிறான். சொல்லின் வழக்குப் பொருளையும் மூலப் பொருளையும் ஒன்றோடொன்று உரசி விளையாடும் இடம் இது. 'சுளையாக' என்று போட்டுவிட்டு அடுத்த வாக்கியத்தில் 'வெப்பநிலை' என்று எழுதினால் வாசகர் திகைத்துப்போவார். 'குளிர்ந்த நாலாயிரம்' என்று போட்டால் முதல் வாக்கியமே தமிழாக இராது. இந்த மாதிரி இடத்தில் வெப்பநிலையை விட்டுக்கொடுத்து விளையாட்டைக் காப்பாற்றுவதுதான் நல்லது என்பது என் கருத்து: 'நாலாயிரத்தில் ஜோ சுளையை எங்கிருந்து உரித்தெடுத்தார் என்பது எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை, ஆனால் சுளை என்று சொல்லும்போதே அவருக்கு நாக்கில் இனித்தது.' மூலத்தில் பழம் இல்லைதான். ஆனால் மூலத்தில் இருந்த சிரிப்பு இதில் இருக்கிறது.

பணத்தோடு சேரும் இந்த வழக்கு டிக்கன்ஸுக்கும் மூத்தது. 1749இல் வெளிவந்த ஹென்றி ஃபீல்டிங்கின் 'டாம் ஜோன்ஸ்' நாவலில் சூதாட்ட மேசையிலிருந்து ஒருவர் கொதிப்போடு எழுந்து, 'கூல் ஹண்ட்ரட்' போய்விட்டது, இனி ஆடமாட்டேன் என்கிறார். ஆள் கொதிக்கிறார், தொகை குளிர்ந்திருக்கிறது. ஃபீல்டிங் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைத்தது தற்செயலாக இருக்க முடியாது. தொகைக்கு ஏன் இந்த அடை வந்தது? பதறாமல், நிதானமாக எண்ணி வைத்த பணம் என்ற கருத்திலிருந்து வந்திருக்கலாம் என்பது ஒரு விளக்கம். விளக்கம் எப்படியாயினும் அடையாளம் எளிது. 'எ' என்ற சுட்டு, பிறகு 'கூல்', பிறகு ஓர் எண். இந்த மூன்றும் அடுத்தடுத்து வந்தால் பொருள் இதுதான். இன்றும் ஆங்கில நாளிதழ்களில் 'எ கூல் மில்லியன்' வருகிறது. அதைச் 'சிறப்பான பத்து லட்சம்' என்று யாராவது எழுதினால் டெஸ்க்கிலேயே நிறுத்திவிட வேண்டும்.

இன்னும் பின்னால் போனால் சொல்லின் வேர் துலங்கும். பழைய ஆங்கிலத்திலேயே அது மிதமான குளிர்ச்சியைக் குறித்தது. கடுங்குளிருக்கு வேறு சொல் இருந்தது. உடம்பின் சூடு உணர்ச்சியின் சூடாகவும் பேசப்படுவதால், குளிர்ச்சி என்பது உணர்ச்சிவசப்படாத நிலைக்குப் பெயரானது. ஷேக்ஸ்பியரின் 'எ மிட்சம்மர் நைட்ஸ் டிரீம்' நாடகத்தின் கடைசி அங்கத்தில் தீசியஸ், காதலர்களுக்கும் பித்தர்களுக்கும் மூளை கொதித்துக்கொண்டிருக்கிறது என்கிறார். அந்த மூளைகள் கற்பனையில் காண்பது 'கூல் ரீசன்' புரிந்துகொள்வதையெல்லாம் மிஞ்சியது என்கிறார். கொதிப்புக்கு எதிராக நிறுத்தப்பட்ட குளிர்ச்சி அது. 'ஹேம்லெட்' நாடகத்தில் தாய் மகனிடம், உன் நோயின் அனல்மீது 'கூல்' பொறுமையைத் தெளி என்று கெஞ்சுகிறாள். அங்கேயும் அனல் பக்கத்திலேயே இருக்கிறது. பழைய நூல்களைப் படிப்பவர்களுக்கு இது நல்ல தடயம்: அதே வாக்கியத்திலோ முந்தைய வாக்கியத்திலோ சூடு, தீ, கொதி என்று ஏதாவது இருந்தால் உருவகம் இன்னும் உயிரோடிருக்கிறது என்று பொருள். அப்போது தமிழிலும் அந்தச் சூட்டையும் தணிவையும் சேர்த்தே கொண்டுவர வேண்டும்.

மற்ற பொருள்கள் எல்லாம் இந்த ஒரு வேரிலிருந்து கிளைத்தவைதான். உணர்ச்சிவசப்படாதவன் என்பதிலிருந்து, பதற வேண்டிய இடத்திலும் பதறாதவன். அவனே, வெட்கப்பட வேண்டிய இடத்திலும் வெட்கப்படாதவன் ஆனால் அது லிங்கன் சொன்ன நெஞ்சழுத்தம். அன்பு காட்ட வேண்டிய இடத்தில் காட்டாவிட்டால் அது ஒட்டாத்தன்மை. எல்லோரும் தடுமாறும் இடத்தில் நிமிர்ந்து நின்றால் அது வியப்புக்குரிய மிடுக்கு. ஒரே நிதானத்தை யார், எங்கிருந்து பார்க்கிறார்கள் என்பதுதான் திட்டும் பாராட்டுமாகப் பிரிந்திருக்கிறது. இதனால்தான் இந்தச் சொல்லைத் தனியாக வைத்துக்கொண்டு பொருள் தேடுவது வீண்.

பாராட்டுப் பொருள் எழுத்தில் தெளிவாகத் தெரியும் ஓர் இடம் ஸோரா நீல் ஹர்ஸ்டனின் 1933ஆம் ஆண்டுச் சிறுகதை 'தி கில்டட் சிக்ஸ்-பிட்ஸ்'. ஃபுளோரிடாவின் கறுப்பின மக்கள் வாழும் ஈட்டன்வில்லில் நடக்கும் கதை. ஊருக்குப் புதிதாக வந்து ஐஸ்கிரீம் கடை வைத்திருக்கும் ஆடம்பரக்காரனைப் பற்றிக் கணவன் மனைவியிடம் வியந்து சொல்கிறான். அவனிடம் பணம் சேர்ந்து கிடப்பதுதான் விஷயத்தை 'ஸோ கூல்' ஆக்குகிறது என்கிறான். இங்கே 'நிதானம்' பொருந்தவே பொருந்தாது. 'அதில் விசேஷம் என்ன தெரியுமா' என்ற தொனி. கறுப்பின அமெரிக்கர்களின் பேச்சில் இந்தப் பொருள் வேர்விட்டிருந்ததை ஹர்ஸ்டன் காதால் கேட்டு எழுதினார். அவர் நாட்டார் வழக்காறுகளைச் சேகரித்த மானிடவியலாளரும்கூட என்பதால் அந்த உரையாடலை நம்பலாம்.

பிறகு ஜாஸ். 1920களில் அந்த இசையின் பெருமைச்சொல் 'ஹாட்'. லூயி ஆம்ஸ்ட்ராங் 1925இல் ஒலிப்பதிவைத் தொடங்கிய குழுவின் பெயரே 'ஹாட் ஃபைவ்'. அடுத்த தலைமுறை அந்தச் சூட்டிலிருந்து விலகி, அடங்கிய ஒலியை நாடியபோது எதிர்ச்சொல் தயாராக இருந்தது. டெனர் சாக்சபோன் கலைஞர் லெஸ்டர் யங்கின் பெயரோடு இந்தச் சொல்லைச் சேர்த்துப் பேசுவது வழக்கம். சொல்லைப் பரப்பியதில் அவருக்குப் பங்கு உண்டு என்று சொல்லலாம். அவரே கண்டுபிடித்தார் என்று எழுதினால் மிகை. சார்லி பார்க்கர் 1947இல் 'கூல் புளூஸ்' பதிவு செய்தார். மைல்ஸ் டேவிஸ் 1949லும் 1950லும் ஒன்பது பேர் கொண்ட குழுவோடு செய்த பதிவுகள் 1957இல் 'பர்த் ஆஃப் தி கூல்' என்ற இசைத்தட்டாக வந்தன. இங்கே சொல் ஒரு பாணியின் பெயர். 'கூல் ஜாஸ்' என்பதை அப்படியே வைத்துவிடுவதுதான் சரி. 'குளிர் ஜாஸ்' வேண்டாம்.

அதே 1957இல் பிராட்வேயில் அரங்கேறிய 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' இசைநாடகத்தில் 'கூல்' என்றே ஒரு பாட்டு. அதில் கும்பல் தலைவன் தன் பையன்களிடம் சொல்வது அடங்கி இரு, வெடித்துவிடாதே என்பதைத்தான். ஒரே ஆண்டு, ஒரே நகரம், ஒரு பக்கம் இசைப்பாணி, மறுபக்கம் தன்னடக்கம். ஆகவே ஆண்டை மட்டும் தெரிந்துகொண்டால் போதும் என்றும் நினைக்கக் கூடாது. பேசுபவர் யார் என்பதும் வேண்டும்.

ஜாஸ் தொடர்பாக ஒரு கதை உலவுகிறது. புகை மண்டிய இரவு விடுதிகளில் காற்றுக்காகச் சன்னலைத் திறப்பார்களாம், அந்தக் குளிர்காற்றிலிருந்து சொல் பிறந்ததாம். கேட்கச் சுவையாக இருக்கிறது, அதனால்தான் உயிரோடு இருக்கிறது. நிதானம் என்ற பொருள் ஜாஸுக்குப் பல நூற்றாண்டு முந்தியது எனும்போது சன்னலுக்கு அங்கே வேலையே இல்லை. இதைவிடக் கவனத்துக்குரியது கலை வரலாற்றாளர் ராபர்ட் ஃபாரிஸ் தாம்சன் 1973இல் எழுதிய கட்டுரை. மேற்கு ஆப்பிரிக்காவின் யொரூபா மொழியில் 'இதுது' என்ற சொல் குளிர்ச்சியையும், அமைதியான மேன்மையையும் சேர்த்தே குறிக்கிறது. அந்த அழகியல் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு கடல் கடந்து வந்தது என்று அவர் வாதிட்டார். ஆங்கிலச் சொல்லின் வடிவம் ஆங்கிலத்துக்கு உரியதுதான். ஆனால் அவமதிப்புக்கு நடுவில் முகம் மாறாமல் நிற்பது ஒரு பெருமை என்ற உணர்வு அதற்குள் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், தாம்சனின் பதிலைத் தள்ளிவிட முடியாது. பாராட்டுப் பொருளை வெறும் 'நன்று' என்று மொழிபெயர்க்கும்போது இந்த மிடுக்கு முழுக்க உதிர்ந்துபோகிறது என்பது என் ஆதங்கம்.

அரசியலில் இதே சொல் 1924இல் வேறு வேலை செய்தது. கால்வின் கூலிட்ஜ் அதிபர் தேர்தலில் நின்றபோது 'கீப் கூல் வித் கூலிட்ஜ்' என்பது அவர் தரப்பு முழக்கம். பெயரோடு சிலேடை. பொருள், பதறாமல் இருங்கள் என்பது. அவர் மிடுக்கானவர் என்று யாரும் சொல்லவில்லை. 1964இல் கனடாவின் ஊடக ஆய்வாளர் மார்ஷல் மெக்லூகன் தம் புத்தகத்தில் ஊடகங்களை 'ஹாட்', 'கூல்' என்று இரண்டாகப் பிரித்தபோது அது அவருடைய கலைச்சொல்லாகிவிட்டது. நுகர்பவரின் பங்கேற்பை அதிகம் கோரும் ஊடகம் 'கூல்' என்றார். தொலைக்காட்சியை அந்தப் பக்கமும் வானொலியையும் திரைப்படத்தையும் மறுபக்கமும் வைத்தார். அவர் சொன்ன 'கூல் மீடியம்' என்பதற்குக் 'கவர்ச்சியான ஊடகம்' என்று பொருள் கொண்டால் முழுப் புத்தகமும் தலைகீழாகிவிடும்.

1980களுக்குப் பிறகு சொல் இன்னும் மெலிந்து, ஒப்புதலுக்கான ஒரு ஒலியாகிவிட்டது. இந்தக் கடைசிக் கட்டம்தான் வசனம் எழுதுபவர்களையும் சப்டைட்டில் போடுபவர்களையும் கவிழ்க்கிறது. 'இன்னும் கொஞ்சம் வேண்டுமா?' என்று கேட்டதற்கு ஒருவர் 'ஐ அம் கூல்' என்றால் 'நான் மிடுக்கானவன்' என்பதல்ல, 'போதும்' என்பது. சண்டை முடிந்து 'ஆர் வி கூல்?' என்றால் 'நமக்குள் மனத்தாங்கல் ஒன்றும் இல்லையே?' என்று பொருள். 'ஐ அம் கூல் வித் தட்' என்றால் 'எனக்கு ஆட்சேபணை இல்லை.'

இங்கேதான் சின்ன உருபுச் சொற்களைக் கவனிக்க வேண்டும். பிழை திருத்துபவர்களுக்கு இதைவிடப் பயன்படும் தடயம் எனக்குத் தெரிந்து வேறில்லை. 'கூல் வித்' வந்தால் பெரும்பாலும் சம்மதம். 'கூல் அபவுட்' வந்தால் அலட்டிக்கொள்ளாமை. 'கூல் டுவர்ட்ஸ்', 'கூல் டு', 'கூல் ஆன்' ஆகிய மூன்றில் எது வந்தாலும் ஆர்வமின்மை அல்லது பகைமை கலந்த விலகல். செய்தி நிறுவனம் அனுப்பும் ஆங்கிலச் செய்தியில் ஒரு தலைவர் ஒரு யோசனைக்குக் 'கூல் டு' ஆக இருந்தார் என்று வந்தால் அவர் பிடிகொடுக்கவில்லை என்று பொருள். அவசரத்தில் 'யோசனையை வரவேற்றார்' என்று தலைப்புப் போனால், நடந்ததற்கு நேர் எதிரான செய்தி அச்சாகும். 'கூல்' வினைச்சொல்லாக வரும் இடம் வேறு. சந்தையோ விலைவாசியோ 'கூல்ஸ்' என்றால் வேகம் தணிகிறது, அவ்வளவுதான்.

தமிழின் பக்கத்திலும் ஒரு பள்ளம் இருக்கிறது. நமக்குக் குளிர்ச்சி என்பது மகிழ்ச்சி. கண் குளிரப் பார்க்கிறோம், மனம் குளிர வாழ்த்துகிறோம், வயிறு குளிர்ந்தது என்கிறோம். ஆங்கிலத்தின் 'கூல் ரிசெப்ஷன்' என்பதைக் 'குளிர்ச்சியான வரவேற்பு' என்று எழுதினால் ஆங்கிலம் அறியாத வாசகர், தடபுடலான வரவேற்பு என்றே எடுத்துக்கொள்வார். அதில் அவர் தவறு ஒன்றும் இல்லை. 'முகம் கொடுத்துப் பேசவில்லை', 'பட்டும் படாமலும் வரவேற்றார்கள்', 'ஒட்டாத வரவேற்பு' என்று தமிழ் தாராளமாகவே கொடுக்கிறது.

நடைமுறையில் எப்படிச் செய்வது? முதலில் மூன்று தேதிகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். எழுதப்பட்ட ஆண்டு, கதை நடக்கும் ஆண்டு, பேசுபவர் இளைஞராக இருந்த ஆண்டுகள். 1990இல் எழுதப்பட்ட நாவலில் 1860இல் நடக்கும் காட்சி வந்தால், ஆசிரியர் பழைய பொருளைத் தெரிந்தே பயன்படுத்தியிருக்கலாம், தெரியாமல் இன்றைய பொருளைப் புகுத்தியிருக்கலாம். இரண்டையும் சந்தேகிக்க வேண்டும். மூன்றாவது தேதியை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். மனிதர்கள் இருபது வயதில் பிடித்த வழக்குச்சொற்களை அறுபதிலும் விடமாட்டார்கள்.

அடுத்து, அந்தச் சொல்லுக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு வாக்கியங்களைச் சத்தமாகப் படித்து, அதன் இடத்தில் 'நிதானமான', 'நெஞ்சழுத்தமான', 'ஒட்டாத', 'மிடுக்கான', 'சரி' என்ற ஐந்தையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் மூன்று உடனே விழுந்துவிடும். மிஞ்சும் இரண்டுக்குத்தான் அகராதி.

எந்த அகராதி என்பது முக்கியம். மாணவர்களுக்கான அகராதிகள் இன்று மிகுதியாக வழங்கும் பொருளை முதலில் வைக்கின்றன. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலப் பேரகராதி வரலாற்று வரிசையில் வைக்கிறது. 1884 முதல் பகுதி பகுதியாக வெளிவந்து 1928இல் நிறைவடைந்து, 1989இல் 20 தொகுதிகளாக இரண்டாம் பதிப்புக் கண்டது அது. ஒவ்வொரு பொருளின் கீழும் ஆண்டோடு மேற்கோள் இருக்கும். முதலில் இருப்பது பழையது என்றுதான் அங்கே பொருள், முக்கியமானது என்றல்ல. வழக்கிழந்த பொருளுக்கு முன்னால் சிலுவை போன்ற ஒரு குறி இருக்கும். கொச்சை வழக்குகளுக்கென்றே ஜொனத்தன் கிரீன் 2010இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட அகராதி, எந்த நாட்டு வழக்கு என்பதையும் பிரித்துக் காட்டுகிறது, இணையத்திலும் கிடைக்கிறது. 18ஆம் நூற்றாண்டு உரைகளுக்கு ஃபிரான்சிஸ் குரோஸ் 1785இல் தொகுத்த கொச்சைச் சொல் அகராதி இன்றும் கைகொடுக்கும். அதன் விரிவாக்கமான 1811 பதிப்பில் 'கூல் கிரேப்' என்றால் பிணத்துக்குப் போர்த்தும் துணி, 'கூல் லேடி' என்றால் படை முகாம்களில் பிராந்தி விற்கும் பெண். இவற்றை ஊகித்து எழுத யாராலும் முடியாது.

முதல் மேற்கோளின் ஆண்டைச் சொல்லின் பிறந்த தேதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அது அச்சில் அகப்பட்ட தேதி. கொச்சை வழக்கு வாயில் பிறந்து, வெகுநாள் கழித்தே அச்சேறும். அச்சு இயந்திரங்கள் யார் கையில் இருந்தனவோ அவர்கள் பேச்சு சீக்கிரம் பதிவானது. கறுப்பின அமெரிக்கர்களின் பேச்சு தாமதமாகவும், பல நேரம் கேலிச் சித்திரமாகவும் பதிவானது. எண்ணிமப்படுத்திய, அதாவது கணினியில் ஏற்றிய, நூல்களில் சொல்லின் எண்ணிக்கையை வரைபடமாகக் காட்டும் கருவிகளை நம்பி முடிவு கட்டுவதும் ஆபத்து. வரைபடத்துக்கு வானிலையும் தெரியாது, மிடுக்கும் தெரியாது. எழுத்துகளை மட்டும் எண்ணும். 1749இன் நாவல் 1960களில் மறுபதிப்பு வந்திருந்தால் அந்த ஆண்டுக் கணக்கிலும் சேர்ந்துகொள்ளும்.

'கூல்' தனி ஆள் அல்ல. 'ஸ்கொயர்' என்பது அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் காலத்தில் நேர்மை. அவருடைய 'ஸ்கொயர் டீல்' நியாயமான பங்கீடு. 1940களின் ஜாஸ் வட்டாரத்தில் அதே சொல் காலத்துக்கு ஒவ்வாத ஆளைக் குறித்தது. 'டெரிஃபிக்' மில்டனின் 1667ஆம் ஆண்டுக் காவியத்தில் பாம்பின் பிடரிமயிருக்கு வரும் அடை, அச்சுறுத்துகிற என்ற நேர்ப்பொருளில். இன்று அது பாராட்டு. தமிழர்களுக்கு இதில் வியப்பு இருக்கக் கூடாது. 'பயங்கர அழகு' என்கிறோம், ஒருவர் நன்றாக நடித்தால் 'கொன்றுவிட்டான்' என்கிறோம். தீய என்ற பொருளுள்ள 'விக்கட்', நோயுற்ற என்ற பொருளுள்ள 'சிக்' இரண்டும் பாராட்டாக மாறிச் சென்ற பாதை அதுவே. எதிர்த்திசையில் போனதற்கும் நம்மிடம் சான்று உண்டு. 'கருப்பூரம் நாறுமோ கமலப்பூ நாறுமோ' என்று ஆண்டாள் வெண்சங்கிடம் கேட்டபோது நாற்றம் நறுமணம். அந்தப் பாசுரத்துக்கு இன்றைய பொருளை யாரும் சொல்வதில்லை, பள்ளியிலேயே ஆசிரியர் திருத்திவிடுகிறார். ஆங்கிலச் சொற்களுக்கு அந்தத் திருத்தம் நமக்குக் கிடைக்கவில்லை.

மொழிபெயர்ப்பில் எந்தத் தமிழ் வழக்கைப் போடுவது என்பதிலும் ஆண்டு பார்க்க வேண்டும். 1950களின் ஜாஸ் கலைஞர் வாயில் 'செம' என்றோ 'மாஸ்' என்றோ போட்டால் பொருள் சரியாக இருந்தும் காலம் பிசகிவிடும். வழக்குச்சொல் சீக்கிரம் பழசாகும். 'சபாஷ்', 'பலே' போன்றவற்றுக்கும் ஒரு காலத்து வாசனை உண்டு. வேண்டிய இடத்தில் அதுவே நமக்குத் துணை. ஐயமாக இருந்தால் வழக்குச்சொல்லே இல்லாமல் பொருளை நேராக எழுதுவது மேல்.

தங்களிடம் ஒரு கோரிக்கை. மொழிபெயர்த்து வெளியிடும் பழைய உரைகள், கட்டுரைகள், கதைகளின் தலைப்புக்குக் கீழே மொழிபெயர்ப்பாளர் பெயரோடு, மூலம் முதலில் வெளியான ஆண்டையும் ஊரையும் ஒரு வரியில் அச்சிடுங்கள். அந்த வரி பக்கத்தில் இருந்தால், மெய்ப்புப் பார்ப்பவர் 1860 என்பதையும் 'சூப்பர்' என்பதையும் ஒரே பார்வையில் காண்பார். பேனா தானே நிற்கும்.

அன்புடன்,
மொழிபெயர்ப்புத் துறையில் உள்ள ஒரு வாசகர்